ஊசியும் ஒப்புதலும்: சில குறிப்புகள்

திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் எங்கள் வேங்கிக்காலில்தான். அரசாங்கம் எதை அறிவித்தாலும் முதலில் எங்கள் டீக்கடைக்குத்தான் வரும் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. 2025 மார்ச் தமிழக பட்ஜெட்டில் நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாக எச்பிவி தடுப்பூசி, அதற்கு 36 கோடி ரூபாய் என்று அறிவித்தார். முதலில் தொடங்கச் சொன்ன நான்கு மாவட்டங்களில் அரியலூர், பெரம்பலூர், தருமபுரியோடு திருவண்ணாமலையும் இருந்தது. அந்த ஊசி தடுக்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இங்கெல்லாம் அதிகமாம். முதல் பட்டியலில் இடம் கிடைத்ததற்கு யாரும் பட்டாசு வெடிக்கவில்லை.

*

"கட்டாயம்னு சட்டம் போட்டாத்தான் சார் நம்ம ஜனம் கேக்கும்." டீக்கடைப் பெஞ்சில் பெரியவர் ஒருவர் சொன்னது. போலியோ சொட்டு மருந்துக்கு எந்தச் சட்டம் இருந்தது? வீடு வீடாக வந்தார்கள், பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள், சுண்டு விரலில் மை வைத்தார்கள். போலியோ போனது.

*

2017 பிப்ரவரியையும் மறக்கக் கூடாது. தட்டம்மை–ரூபெல்லா ஊசியைப் பள்ளிகளில் போட்டபோது வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி கிளம்பியது. தமிழ்நாடு முழுக்க எத்தனையோ வீடுகளில் பிள்ளைக்கு அன்றைக்கு லீவு. முகாமையே நீட்டிக்க வேண்டி வந்தது. அப்போது கட்டாயம் என்று சொல்லியிருந்தால் வதந்திக்குக் கை கால் முளைத்திருக்கும்.

*

கம்மம். எச்பிவி ஊசியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டிப் போகவே முடியாது. 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும், பாத் என்ற அமெரிக்க அமைப்பும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐசிஎம்ஆர்) சேர்ந்து பள்ளிச் சிறுமிகளுக்கு இந்த ஊசியைப் போட்டன. ஏழு பிள்ளைகள் இறந்தார்கள். பாம்புக்கடி, தண்ணீரில் மூழ்கியது, பூச்சிமருந்து என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். ஊசிக்கும் சாவுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றது விசாரணைக் குழு. ஆனால் அந்த விசாரணையில் வேறொன்று வெளியே வந்தது. விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள் பலருக்கு ஒப்புதல் கையெழுத்தைப் போட்டது வார்டன். பெற்றவர்களைக் கேட்கவே இல்லை. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகவே எழுதியது.

அதே சமயத்தில் நடந்துகொண்டிருந்த, இதே ஊசி பற்றிய இன்னொரு ஆய்வும் 2010-ல் கம்மம் சர்ச்சையால் பாதியில் நின்றது. அது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை நடத்தியது. நம் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் அதில் ஒரு மையம். இரண்டோ மூன்றோ டோஸ் போட்டிருக்க வேண்டிய பிள்ளைகளில் சுமார் 5,000 பேர் ஒரே டோஸோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களை அப்படியே விட்டுவிடாமல் பத்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். எச்பிவி வைரஸில் 16, 18 என்ற இரண்டு வகைதான் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். அவற்றை அந்த ஒரு டோஸே ஏறக்குறைய இரண்டு, மூன்று டோஸ் அளவுக்குத் தடுத்திருந்தது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு டோஸ் போதும் என்று ஏற்றதற்கு இந்தப் பிள்ளைகளும் ஒரு காரணம். செலவு வெகுவாகக் குறைந்தது அப்படித்தான்.

*

சட்டப்படி பார்த்தாலும் வழி குறுகல். ஜேக்கப் புலியல் வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், யாரையும் ஊசி போட்டுக்கொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. அது கொரோனா காலம்; பக்கத்தில் நிற்பவருக்குத் தொற்றும் நோய். அதற்கே அப்படி. சட்டம் இல்லாமலும் நடக்கும்: 2018-ல் சிக்கிம், பள்ளிகள் வழியாகவே 90 சதவீதத்துக்குமேல் பெண் பிள்ளைகளுக்கு எச்பிவி ஊசியைப் போட்டு முடித்தது.

*

"வயசுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகலை. கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு எதுக்கும்மா கர்ப்பப்பை ஊசி?" எங்கள் தெருவில் ஒரு பாட்டி கேட்டார். பேத்தியின் அப்பா அம்மாவுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைக்க வேண்டியது பாட்டிதான். "கேன்சர் வராம இருக்க, பாட்டி" என்றார் நர்ஸம்மா. பொய் இல்லை, பாதி உண்மை. இது உடலுறவில் பரவும் வைரஸ், வருவதற்கு முன்னால் போட்டால்தான் பலன், பெரும்பாலும் ஆண் வழியாகத்தான் பெண்ணுக்கு வரும் என்ற மீதியைத் தெருவில் நின்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. அதைச் சொல்லாமல் வாங்கும் கைநாட்டுக்கும் கம்மத்து வார்டன் கையெழுத்துக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சொல்லிக் கேட்டால் பாட்டிகள் ஒத்துக்கொள்வார்கள். எத்தனை பிரசவம் பார்த்தவர்கள்!

(ஆண் பிள்ளைகளுக்கும் போடலாம். ஆஸ்திரேலியா 2013-லிருந்து போடுகிறது. கட்டாயம் பற்றிப் பேசும் பெரியவர்கள் தங்கள் பேரன்களைப் பற்றி வாய் திறப்பதில்லை.)

*

ஆக, என் ஓட்டு கட்டாயத்துக்கு இல்லை. இலவசம் வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் எப்போதும் இருப்பு வேண்டும். தனியாரில் ஆயிரக்கணக்கில் விற்கும் ஊசியை முதலில் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள்.

*

இன்றைக்கு 14 வயதுப் பிள்ளைக்குப் போடும் ஊசியின் பலன் முழுதாகத் தெரிய இருபது வருடமாவது ஆகும். இந்தியாவில் 2022-ல் மட்டும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் சுமார் 80,000 பெண்கள் இறந்ததாகக் கணக்கு. அவர்கள் அந்தப் பிள்ளையின் அம்மா, அத்தை வயதுக்காரர்கள்; அந்த வயதுக்கு வேண்டியது பரிசோதனை. திண்டுக்கல் மாவட்டத்தில், வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கர்ப்பப்பை வாயைப் பார்க்கும் எளிய பரிசோதனையாலேயே சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் லான்செட்டில் வந்தது. மகளுக்கு ஊசி போடும் அன்றே, அம்மா ஊரில் இருந்தால், ஒரு திரை கட்டி அவருக்கும் பரிசோதனை செய்துவிடலாம். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் அச்சடித்தால் போதும்.