உறையின் பின்புறம்

கடையில் ஒரு பொட்டலத்தை வாங்கும்போது அதன் முன்புறத்தைப் பார்த்தே வாங்குகிறோம். பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பவர் சிலர். அவர்களும் தேடுவது விலையையும் காலாவதி நாளையும்தான். ஆனால் உணவுப் பொருள் சட்டம் அங்கே இன்னும் சிலவற்றை அச்சிடச் சொல்கிறது: 14 இலக்கப் பதிவு எண், செய்தவரின் பெயர், முழு முகவரி. பண்டம் கெட்டிருந்தால் யாரைப் போய்க் கேட்பது என்பது தெரிய வேண்டும் அல்லவா? நல்ல விதிதான். நம் நாட்டில் முகவரி என்பது வெறும் முகவரி மட்டும் அன்று என்பதை அந்த விதியை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருப்பார்களா என்பதுதான் என் ஐயம்.

2020ஆம் ஆண்டின் முடக்கத்திற்குப் பின், கைப்பேசி வழியே வீட்டிலிருந்து பொருள் விற்கும் வழக்கம் மதுரையிலும் சுற்றுக் கிராமங்களிலும் விரைவாகப் பரவிற்று. சுங்குடிச் சேலை, இட்லிப் பொடி, மோர் மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் படமாக வாங்குபவரின் கைக்குப் போகின்றன. பணம் கைப்பேசியிலேயே வந்து சேர, பொட்டலம் கூரியரில் போகிறது. விற்பவர் முகத்தை வாங்குபவர் காண்பதில்லை. ஆகவே இந்த வாணிபத்தில் சாதிக்கு இடமில்லை என்று படித்த இளைஞர் பலர் நம்புகின்றனர்.

அந்த நம்பிக்கையில் பாதி உண்மை. தேநீர்க் கடையில் முகம் தெரியும். முகம் தெரிந்தால் தெரு தெரியும். தெரு தெரிந்தால் எந்தக் குவளை என்பதும் தெரிந்துவிடும். பல ஊர்களில் அந்த இரட்டைக் குவளை எப்படி மறைந்தது? காகிதக் குவளை வந்தது. எல்லாருக்கும் ஒன்றே, குடித்தவுடன் எறிந்துவிடலாம். கடைக்காரர் மனம் மாற வேண்டிய தேவையே எழவில்லை. முகம் தெரிகிற இடத்தில் பழைய வழக்கம் அப்படியேதான் கிடக்கிறது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டத்துப் பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்க வந்த பள்ளிப் பிள்ளைகளிடம் ஊர்க் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, இனி உங்களுக்குக் கொடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பினாரே ஒரு கடைக்காரர், நினைவிருக்கிறதா? அவர் கைதாவதற்குக் காரணமான காட்சியை நாடெங்கும் கொண்டுசென்றதும் கைப்பேசிதான்.

கைப்பேசி வாணிபத்திலும் எங்கேனும் ஒரு பெயர் வெளிப்பட்டால் போதும், பழைய கேள்வி எழுந்து நிற்கிறது. 2019 ஜூலையில் ஜபல்பூரில் ஒருவர் சொமேட்டோ வழியே உணவு கேட்டுவிட்டு, கொண்டு வருபவர் வேறு மதத்தவர் என்று பெயரால் அறிந்து வேண்டாமென்றார். ஆளை மாற்ற அந்த நிறுவனம் மறுத்துவிட்டது; அதுவரையில் நன்று. ஆனால் சமைத்தவர் யார் என்று அந்த மனிதர் கேட்கவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அந்தப் பெயர்தான் அவருக்குத் தெரியாதே!

இந்த மறைவையே கேள்விக்கு உள்ளாக்கியவர் ஒருவர் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் ஆசம்கர் மாவட்டத்தைச் சேர்ந்த எழுத்தாளர் சந்திரபான் பிரசாத் 2016இல் ஊறுகாயும் மஞ்சள்தூளும் மல்லித்தூளும் இணைய வழியில் விற்கும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'தலித் ஃபுட்ஸ்'. பெயரை மறைத்தால் விற்கலாம் என்பதை அறியாதவர் அல்லர் அவர். பெயரைச் சொல்லியும் ஊறுகாய் விலைபோகுமா என்பதே அவர் நாட்டின் முன் வைத்த சோதனை. சாதியைச் சந்தைக்குக் கொண்டு வரலாமா என்று கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்களை நான் ஒன்று கேட்க விரும்புகிறேன். 'ஐயங்கார் பேக்கரி' என்ற பலகையைக் காணாத நகரம் தமிழகத்தில் உண்டா? அந்தப் பலகையின்கீழ் நின்று, சாதியைச் சந்தைக்குக் கொண்டு வரலாமா என்று எவரேனும் சண்டையிட்டது உண்டா? சில பெயர்கள் பண்டத்தின் விலையை ஏற்றுகின்றன. சில பெயர்கள் இறக்குகின்றன. முதல் வகையை நாம் சுவை என்கிறோம். இரண்டாம் வகையை மட்டும் சாதி என்கிறோம்.

பெயரை விடுவதற்கும் ஒரு பலம் வேண்டியிருக்கிறது. 1939 ஜூலையில் வைத்தியநாத ஐயர் தலித் மக்களோடு ஒரு நாடாரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழையும்வரை, அச்சமூகத்தவர்க்கும் அக்கோயில் கதவு அடைத்தே இருந்தது. ஆனால் அதற்கு நெடுநாள் முன்பே அவர்கள் பேட்டைதோறும் வாணிபத்தின் மேல் மகமை என்னும் சிறு தொகையைத் தண்டிப் பொதுநிதி சேர்த்திருந்தார்கள். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கினார்கள். அது தன் பெயரைத் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என மாற்றிக்கொண்டது 1962இல். நாற்பதாண்டு தன் சொந்தக் காலில் நின்ற பிறகு. மடியில் ஒன்றும் இல்லாதவனைப் பார்த்து, முதலில் உன் பெயரை விடு என்பது நியாயமா?

இவையெல்லாம் எனக்கு ஏட்டுச் செய்திகளாகவே இருந்திருக்கும், எங்கள் பங்கில் அந்த லேபிள் விவகாரம் வராதிருந்தால்.

மதுரைக்கு வெளியே, நெல்லும் தென்னையும் விளையும் சமவெளியில் உள்ளது என் பங்கு. அங்கே 2021இல் 11 பெண்கள் சேர்ந்து பொடி வகைகள் செய்யத் தொடங்கினர். ஆறு பேர் காலனியைச் சேர்ந்தவர்கள். ஐந்து பேர் ஊர்த் தெருவினர். எல்லாரும் ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிறவர்கள். (கல்லறைத் தோட்டத்தைப் பற்றி இக்கட்டுரையில் எழுதப் போவதில்லை.) வறுப்பதும் அரைப்பதும் காலனியில் ஓர் ஓட்டுக் கொட்டகையில் நடந்தன. பொடி நன்றாக அமைந்தது. அறிந்தவர்கள் வாங்கினர், அவர்கள் வழியே சென்னையிலும் கோவையிலும் இருந்து கேட்டனர். பதிவு எண்ணும் கிடைத்தது. இனி லேபிள் அச்சிட வேண்டும். எந்த முகவரியைப் போடுவது?

கொட்டகை இருக்கும் தெருவின் பெயரிலேயே 'காலனி' என்ற சொல் இருக்கிறது. நம் தமிழகத்தில் அச்சொல்லின் பொருள் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. கைப்பேசியைக் கவனித்துக்கொண்ட, வணிகவியல் படித்த பெண் தயக்கத்தோடு ஒரு யோசனை சொன்னாள்: பங்கு பங்களாவின் முகவரியைப் போட்டால் என்ன? கோயில் முகவரி என்றால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். தீய எண்ணத்தில் சொன்னதன்று. நாலு காசு வரவேண்டுமே என்ற கவலையில் சொன்னது. எனக்கு முன் பதில் சொன்னவர் வறுப்பதில் மூத்தவரான ஓர் அம்மாள்.

"வறுக்கிறது எங்க கை. விலாசம் மட்டும் உங்களுதா, சாமி?"

காலனி முகவரியே அச்சாயிற்று. சில வீடுகளில் வாங்குவது நின்றது; காரணம் சொல்லவில்லை. ஒருவர் மட்டும் தொலைபேசியில் அழைத்து, "நீங்க எந்த ஆளுங்கம்மா?" என்று நேராகவே கேட்டார். "நாங்க பதினொரு ஆளுங்க சார். மூணு மாசம் வரைக்கும் பொடி கெடாது" என்று பதில் போயிற்று.

முகவரியோடு காரியம் முடிந்துவிடவில்லை. உள்ளே வேறொரு பிரிவு சத்தமின்றி அமைந்திருந்தது. வறுப்பவரும் அரைப்பவரும் காலனிப் பெண்கள். பொட்டலம் கட்டுவது, கணக்கு எழுதுவது, கைப்பேசியில் பேசுவது ஊர்த் தெருப் பெண்கள். யாரும் உத்தரவிடவில்லை, படிப்பும் பழக்கமும் அப்படிப் பிரித்துவிட்டன. நாட்கூலி எல்லாருக்கும் ஒன்றே. ஆகவே குறை சொல்லவும் வழியில்லை. ஆனால் இத்தகைய வாணிபத்தில் முதல் என்பது அடுப்போ உரலோ அன்று. வாங்குபவர் யார், எந்த ஊரினர், எதை விரும்புவார் என்ற அறிவே முதல். அது கைப்பேசிக்குள் இருக்கிறது. நாளைக்கே பிரிவு வந்தால் கைப்பேசி வைத்திருப்பவர் தனியாகக் கடை நடத்துவார். வறுத்தவர் கூலி வேலைக்குப் போவார்.

திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தில் வரும் முறுமுறுப்பை நாம் அறிவோம். கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை. அதற்காகத் திருத்தூதர்கள் அன்பைப் பற்றி ஒரு மறையுரை ஆற்றி முடித்துவிடவில்லை. எழுவரைத் தெரிந்தெடுக்கச் செய்து பந்திப் பொறுப்பையே கொடுத்துவிட்டார்கள். ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டலாகாது என்பாரும் உண்டு. ஆயினும் குறை கூறிய பக்கத்தாரிடமே சாவி போயிற்று என்று கருத இடமிருக்கிறது. குருமடத்தில் இப்பகுதியைத் தேர்வுக்காகப் படித்தேன். அதன் கணக்கு வழக்கு எனக்குப் புரிந்தது இந்தக் கொட்டகையில்தான்.

அப்பெண்கள் இவ்வளவு நூலாராய்ச்சி செய்யவில்லை. கைப்பேசி மாதம் ஒருவரிடம் இருக்கும். கணக்கைச் சனிக்கிழமை எல்லார் முன்பும் உரக்கப் படிப்பார்கள். வங்கியில் இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொருவர் கையெழுத்து வேண்டும் என்று முடிவு செய்தார்கள். எழுதப் படிக்கத் தடுமாறுபவர்க்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க வேண்டும். இதனால் இழப்பு நேராமல் இல்லை. சிவகாசிக்குப் போக வேண்டிய ரசப் பொடி சிவகங்கைக்குப் போனது. பதில் தாமதமானதால் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. முன்பே நன்றாகத்தானே நடந்தது என்று ஊர்த் தெருவில் சலிப்பும் எழுந்தது; ஒருவர் விலகப் பார்த்து, இரண்டு வாரம் வராமலிருந்து, பிறகு வந்தார். ஆறு மாதத்திற்குப் பின் கொட்டகைக்குள் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டு ஊர்த் தெருப் பெண்களும் வறுத்தார்கள். இதைக் கண்டு ஊரில் சிலர் பேசிய பேச்சை அச்சேற்ற இயலாது.

படத்தைப் பற்றியும் ஒரு சொல். வாங்குபவர்களுக்கு முதலில் அனுப்பிய படத்தில் பொடிப் புட்டியைப் பிடித்திருந்தது குழுவிலேயே சிவந்த ஒரு கை. அதை ஒருவரும் திட்டமிடவில்லை. 'எடுப்பாக இருக்கும்' என்று எல்லாரும், கறுத்த கையுடையவர்களும், சேர்ந்தே தெரிந்தெடுத்தது. 1975 முதல் நிறத்தை வாக்களித்து விற்ற களிம்பு 2020 ஜூலையில் 'ஃபேர்' என்ற சொல்லை விட்டு 'க்ளோ' என்று பெயர் மாற்றிக்கொண்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்தையே பெயரை மாற்ற வைத்த காலம், நம் வீட்டுப் பெண் பார்க்கும் படலத்தில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை. இப்போது அனுப்பும் படத்தில் உரலும் நான்கு கைகளும் இருக்கின்றன. விற்பனை கூடியதா என்றால், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

2025 ஏப்ரல் 29 அன்று, 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். செய்தி கேட்ட அன்றே கொட்டகையில் விவாதம் தொடங்கிற்று. தெருவுக்குப் புதுப்பெயர் வந்தால் லேபிளை மாற்ற வேண்டுமே! மாற்றினால் இத்தனை நாள் பட்டது வீண்தானே என்று ஒருத்தி கேட்டாள். என் பிள்ளை இனி அந்தச் சொல்லைப் பள்ளியில் எழுத வேண்டாமே என்றாள் மற்றொருத்தி. இருவரும் காலனிப் பெண்களே. இருவர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. லேபிள் இரண்டு கட்டு மீதம் இருக்கிறது. அது தீரும்வரை இந்தப் பேச்சே வேண்டாம், காசு கொடுத்து அச்சடித்தது என்கிறார் மூத்த அம்மாள்.