ராஜ்மகால் மலையில் ஒரு கடன் கணக்கு

ஹௌராவிலிருந்து சாகிப்கஞ்ச் பக்கம் போகும் ரயிலில் ராம்பூர்ஹாட் தாண்டும்வரை பச்சை வயல்கள்தான். பாகூர் வந்ததும் கல்தூசி தொடங்கிவிடும். ராஜ்மகால் மலை எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல். அதை உடைத்து ஜல்லியாக்கி ஏற்றிக்கொண்டு லாரிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. அந்தக் குவாரிகளைத் தாண்டி மேலே ஏறினால் மலையுச்சிகளில் மால்தோ மக்களின் ஊர்கள். மால்தோ திராவிட மொழிதான் என்றாலும், எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை.

திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களுக்குப் ‘பணித்தளம்’ பழகிய சொல். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பியவர்கள் நம் முன்னோர். மாதாமாதம் காணிக்கை அனுப்பி ஒரு மிஷனெரியைத் ‘தாங்குவது’ இன்றும் பல வீடுகளில் வழக்கம். எங்கள் சபை தாங்கும் மிஷனெரியைப் பார்க்கத்தான் போயிருந்தோம். மூட்டை மூட்டையாகச் சேலையும் துண்டும் கூடவே வந்தன.

மிஷனெரி அண்ணன் நாகர்கோவில்காரர். குறைவானாலும் அவருக்கு மாதச் சம்பளம் வருகிறது; பிள்ளைகள் விடுதியில் படிக்கிறார்கள். ஆனால் அவர் எங்களைக் கூட்டிப்போன ஊரில் ஞாயிறுதோறும் ஆராதனை நடத்துவதும், செத்தவரை அடக்கம் செய்வதும், சண்டை தீர்ப்பதும் அங்கேயே பிறந்த ஒரு மால்தோ பாஸ்டர். அவரைத் தாங்க வெளியூர்ச் சபை ஏதும் இல்லை. ஊர்க்காரர்கள் தசமபாகமாகக் கொண்டுவரும் மக்காச்சோளமும் பர்பட்டியும்தான் வருமானம். பர்பட்டி என்பது நம் தட்டைப்பயறு. மலைச்சரிவில் புதரை வெட்டி எரித்து, மழை தொடங்கியதும் குழி போட்டு விதைக்கிறார்கள். பாஸ்டரும் விதைக்கிறார். அவர் மனைவி விறகு சுமந்து இறங்கிச் சந்தையில் விற்கிறார். குடிதண்ணீருக்கும் சரிவில் இறங்கித்தான் ஏற வேண்டும்.

அவர்களுடைய மூத்த பையனுக்குக் காலா அசார் வந்திருந்தது. மணல் ஈ கடித்துப் பரவும் காய்ச்சல். மண்ணீரல் வீங்கி வயிறு பானையாகிவிடும், சிகிச்சை இல்லையென்றால் சாவுதான். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். ஆனால் பையனைக் கட்டிலில் வைத்து மலையிலிருந்து இறக்க நாலு பேர், கீழே வண்டிக் கூலி, துணைக்கு இருந்தவர்களின் சாப்பாடு, விறகு விற்காத நாட்கள் என்று செலவு வளர்ந்து, மகாஜனிடம் போய் நின்றது. மகாஜன் என்றால் வட்டிக்கடைக்காரர், விதை வியாபாரி, தானியம் வாங்குபவர் எல்லாம் ஒருவரே. பயிர் நிலத்தில் நிற்கும்போதே அவருடையதாகிவிட்டது. விலையும் அவர் சொன்னதுதான், தராசும் அவருடையதுதான். அடுத்த மழைக்கு விதை இல்லை. அதற்கும் அவரிடமே கடன். பையன் பிழைத்துக்கொண்டான்.

இதையெல்லாம் சொன்னது பாஸ்டர் அல்ல. அவர் எங்களுக்கு உட்காரப் பாய் போட்டுவிட்டு, ஜெபிக்கச் சொல்லிக் கேட்டார், அவ்வளவுதான். கணக்கு முழுவதும் பாஸ்டரம்மா வாயிலிருந்து வந்தது. மால்தோவும் ஹிந்தியும் கலந்து அவர் சொல்லச் சொல்ல, அண்ணன் தமிழில் சொன்னார்.

சேலை மூட்டையை அவிழ்க்க அண்ணன் விடவில்லை. “டீச்சர், நீங்க குடுத்துட்டு ரயில் ஏறிருவீங்க. நாளைக்கு யாராவது ஆசை காட்டி மதம் மாத்துறாங்கன்னு எழுதிப்போட்டா ஸ்டேஷன்ல நிக்கப்போறது இந்த பாஸ்டர்தான்” என்றார். ஜார்க்கண்டில் 2017இல் வந்த சட்டப்படி, ஆசை காட்டி மதம் மாற்றினால் மூன்று ஆண்டு வரை சிறை. மூட்டை அப்படியே கீழே இறங்கியது.

எங்களோடு வந்த சபை மூப்பர் ஒருவர், “அவங்க சபைதான் அவரைத் தாங்கணும். நாம குடுத்துப் பழக்கிரக் கூடாது” என்றார். தன்னைத் தானே தாங்கும் சபை என்பது 19ஆம் நூற்றாண்டில் சர்ச் மிஷனெரி சங்கத்தின் (சி.எம்.எஸ்.) செயலாளர் ஹென்றி வென் வலியுறுத்திய கொள்கை. எங்கள் பக்கத்துச் சபைகளும் அதைக் கேட்டு வளர்ந்தவைதான். ஆனால் இங்கிலாந்துப் பணத்தில் கட்டிய பள்ளிக்கூடங்களில் படித்து ஆளான நாம், விறகு விற்கும் மக்களிடம் அதைச் சொல்லும்போது கொஞ்சம் கூச்சம் வேண்டாமா?

வேடிக்கை என்னவென்றால், மூப்பர் சொன்னதில் பாதியைப் பாஸ்டரம்மாவும் சொன்னார், வேறு காரணத்தோடு. மாதாமாதம் ஏதாவது அனுப்பட்டுமா என்று நான் கேட்டதற்கு உடனே தலையாட்டி மறுத்தார். “தீதி (அக்கா), வெளியே இருந்து பாஸ்டருக்குப் பணம் வருதுன்னு தெரிஞ்சா, சபையில ஒருத்தரும் பர்பட்டி கொண்டுவர மாட்டாங்க. நீங்க நிறுத்துற அன்னைக்கு நாங்க என்ன செய்யறது?” பிறகு, என்ன வேண்டும் என்று அவரே சொன்னார். மழைக்கு முன் விதை வேண்டும், அதுவும் தன் வீட்டுக்கு மட்டுமல்ல, ஊருக்கே. ஜெபத்துக்கு வராத வீடுகளுக்கும்தான். அறுப்பு முடிந்ததும் வாங்கிய அளவையும் அதற்கு மேல் ஒரு படியையும் திருப்பிக் கொட்டிவிட்டால், மறு வருஷத்துக்கு மகாஜன் வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம்.

இத்தனை மூட்டை கட்டிச் சென்ற எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. தோன்றவும் செய்யாது, மகாஜனிடம் விதை வாங்கிய அனுபவம் எங்களுக்கு ஏது?

ஊர் திரும்பி விதைக்கான பணத்தைத் திரட்டுவது சுலபமாக இல்லை. ஒரு மிஷனெரியின் படம் போட்ட ஜெப அட்டைக்கு உண்டியல் நிறையும். தட்டைப்பயறு விதைக்கு நிறையாது. கடைசியில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வந்த தொகையில் ஒரு பங்கை ஒதுக்கினோம். வாழைத்தாரும் சேவலும் ஏலம் போன காசு ராஜ்மகாலில் விதையாவது பொருத்தம்தான் என்று எங்கள் சபைப் போதகரான ஐயரவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

ஊர்ப் பொதுவில் விதைக் குதிர் இப்போது நிற்கிறது. பாஸ்டர் வீட்டுப் பழைய கடன் தீரவில்லை. இந்த விளைச்சலிலும் ஒரு பகுதி மகாஜனுக்குத்தான் போகும். பாஸ்டரம்மா நோட்டுப் போட்டு வரவு எழுதுகிறாராம். சொந்தமாக ஒரு தராசு கிடைக்குமா என்று அண்ணன் மூலம் கேட்டார், வாங்கிக் கொடுக்கச் சொல்லிப் பணம் அனுப்பினோம். அதை மிஷனெரி கணக்கில் எழுதுவதா, தர்மக் கணக்கில் எழுதுவதா என்று எங்கள் பொருளாளர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். தர்மக் கணக்கில் எழுத நான் சம்மதிக்கவில்லை.