ஏலகிரி ஏரிக்கரையில்

பயணம் மனிதனுக்குப் பல பாடங்களைக் கற்பிக்கும் என்பர் அறிஞர். வரலாற்றுச் சின்னங்களும் இயற்கைக் காட்சிகளும் கற்பிக்கும் பாடங்கள் ஒருபுறம் இருக்க, வகுத்த திட்டம் மாறும்பொழுது கிடைக்கும் பாடம் தனிச்சிறப்புடையது. எதிர்காலச் செயலைக் குறித்துப் பேசும்போதெல்லாம் 'இன்ஷா அல்லாஹ்' என்று சொல்லப் பழகிய சமுதாயம் நம்முடையது. அச்சொல்லின் பொருளை நாவால் அறிந்த நாம், வாழ்வால் அறியும் வேளைகள் சிலவே. அத்தகைய வேளையொன்று 2024ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் நமக்கு வாய்த்தது.

அவ்வாண்டு மே மாதத்தில் குடும்பத்துடன் உதகை சென்று மூன்று நாள்கள் தங்குவதென முடிவு செய்திருந்தோம். சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் ஊர்திகளுக்கு மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. அதனையும் பெற்றுவிட்டோம். தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா, மலை இரயில் எனக் காணவேண்டிய இடங்களை நேரம் குறித்துப் பட்டியலிட்டு வைத்திருந்தான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்த நம் மகன்.

புறப்படுவதற்கு நான்கு நாள்களுக்கு முன் நம் அன்னையாருக்கு மூச்சிரைப்பு மிகுந்தது. பரிசோதித்த மருத்துவர், அச்சம் வேண்டியதில்லை என்றார். ஆயினும், ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரமுள்ள உதகையின் குளிரும் காற்றும் அவர்களுக்கு ஏற்றவையல்ல என்றும் கூறினார். "நான் தங்கச்சி வீட்டில் இருந்துகொள்கிறேன் தம்பி, பிள்ளைகள் ஆசையாக இருக்கிறார்கள், நீங்கள் போய் வாருங்கள்" என்றார்கள் அன்னையார். அச்சொற்களில் வருத்தம் தொனிக்கவில்லை. தாம் பிறருக்குச் சுமையாகிவிட்டோம் என்ற எண்ணமே தொனித்தது. வருத்தத்தைக் காட்டிலும் அதுவே நம்மை மிகுதியும் வாட்டியது.

அன்றிரவு வீட்டில் அனைவரும் கூடி மஷூரா செய்தோம். கடல்மட்டத்திற்கு மேல் 1,000 மீட்டரைச் சற்றே கடந்த ஏலகிரியை மருத்துவரும் ஏற்றுக்கொண்டார். மகன் மட்டும், "அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, அத்தா?" என்று கேட்டுவிட்டு, தான் எழுதிய பட்டியலை மடித்து வைத்தான்.

திருப்பத்தூர் மாவட்டத்தில், சோலையார்ப்பேட்டைக்கு அண்மையில் அமைந்தது ஏலகிரி. மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 14. தமிழ் பயின்றோர் மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. அவ்வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களையும் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் சூட்டியுள்ளனர். வள்ளுவரையும் இளங்கோவையும் கம்பரையும் கடந்து, பாரியையும் ஓரியையும் நள்ளியையும் நோக்கி ஊர்தி ஏறுகிறது. பறம்பு பாரியுடையது, கொல்லி ஓரியுடையது, பொதியில் ஆயுடையது. மலைநாட்டை ஆண்ட அவர்களை உலகம் நினைவில் வைத்திருப்பது எதனால்? முல்லைக்குத் தேரும் மயிலுக்குப் போர்வையும் ஈந்தனர். கேளாத உயிரின் தேவையையும் தாமே உணர்ந்தனர். மகனுக்கு இதனை விளக்கிக்கொண்டே சென்றோம். அவன் மறுமொழி ஏதும் கூறவில்லை. அன்னையார் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் ஏற்றிவிட்டான்.

மலைமேல் புங்கனூர் ஏரி இருக்கின்றது. மனிதர் அமைத்த ஏரி அது. சுற்றிலும் நடைபாதை, நீரில் படகுகள், அப்பால் பசிய குன்றுகள். பகலில் மக்கள் கூட்டம் மிகுதி. ஆயின், ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் நாம் சென்றபோது கரையில் ஒருசிலரே இருந்தனர். படகுகள் கட்டப்பட்டுக் கிடந்தன. குன்றின் நிழல் நீரில் அசையாது நின்றது. அன்னையார் ஒரு கல் இருக்கையில் அமர்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மூச்சு சீராக இருந்ததைக் கண்டபோது, பல நாள்களாக நாம் சுமந்திருந்த பாரமும் சற்று இறங்கியது.

சிறிது நேரத்திற்குப்பின், "என்னால்தானே உன் பயணம் கெட்டது" என்று பேரனிடம் கேட்டார்கள். அவன் தடுமாறினான். பின், "இந்த மாதிரி ஏரி உங்கள் ஊரில் இருந்ததா?" என்று வினவினான். அவ்வளவுதான்! தம் சிற்றூரின் கண்மாயையும், தோழியரோடு குடமேந்திச் சென்ற வரப்பையும், மழை பொய்த்த ஆண்டில் ஊற்றுத் தோண்டி நீர் இறைத்த நாள்களையும் அவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். நாற்பது ஆண்டுகளைக் கடந்த நாமே அச்செய்திகளை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டோம். மூன்று நாள்களில் பன்னிரண்டு இடங்களைக் கண்டு திரும்பியிருந்தால், இவற்றைக் கேட்பதற்கு ஏது நேரம்? மறுநாள் விடியலில் நம்மை எழுப்பி, "ஏரிக்குப் போகலாமா?" என்று கேட்டவன் மகனே.

எண்ணிப் பார்க்குங்கால், நம் மார்க்கமும் இதனையே கற்பிக்கின்றது. பயணிக்கு நான்கு ரக்அத்துகள் இரண்டாகச் சுருங்குகின்றன. நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம். பின்னால் நிற்போரில் முதியோரும் நோயாளரும் நலிந்தோரும் உளர் என்பதனால், தொழுகை நடத்துவோர் அதனை நீட்டாது நடத்த வேண்டும் என நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தினார்கள். இறைவணக்கமே நலிந்தோர் பொருட்டுத் தன் அளவைச் சுருக்கிக்கொள்ளுமாயின், நம் உல்லாசப் பயணத் திட்டங்கள் மாறுவதில் இழப்பென்ன?

மாணவச் செல்வங்களே! ஓடும் நீரைக் கரையிட்டு நிறுத்திய இடமே ஏரி. நிறுத்தியதால் அந்நீர் வீணாவதில்லை, ஊருக்குப் பயன்படுகின்றது. உங்கள் வாழ்விலும் திட்டங்கள் தடைபடும், பாதைகள் திரும்பும். அவ்வேளையில், உடன் வருவோருள் யார் களைத்திருக்கின்றார் என்பதனை முதலில் நோக்குங்கள். அவரை விட்டுவிட்டு விரைவதைவிட, அவரோடு அமர்ந்திருப்பதில் நிறைவு மிகுதி. அத்தகைய மனத்தை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!