இமையே சுமையானால்

'கண்ணை இமை காப்பது போல' என்பது அன்பான காவலுக்கு நம் முன்னோர் சொன்ன உவமை. காக்கும் இமையே கண்ணை மறைக்கத் தொடங்கினால் யாது செய்வது? மூன்றாண்டுகளுக்கு முன்பு வரை நாம் இதனை எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வைத்தவர் நம் துணைவியார்.

1981ஆம் ஆண்டில் அந்நாளைய பம்பாய்க்கு வந்து குடியேறினோம். அன்று தொட்டு, தாதர் நிலையத்தில் வண்டி மாறாத வாரமில்லை. அறுபதைக் கடந்த பின்னர், அங்குள்ள அறிவிப்புப் பலகையைப் படிக்கும்போதெல்லாம் துணைவியார் முகவாயை உயர்த்தி, தலையைப் பின்னே சாய்த்து நிற்கலானார். "மகாராணியின் மிடுக்கு வந்துவிட்டதே!" என்று நகைத்தோம். மாலையில் நெற்றி வலிக்கிறது என்பார். தைலத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு நாளிதழில் ஆழ்ந்துவிடுவோம். ஒருநாள் அவர் தயங்கியபடி, "கண்ணிமைத் தோலை லேசர் கொண்டு சீர்செய்கிறார்களாம். செய்துகொள்ளலாமா?" என்று கேட்டார். "பேரன் எடுத்த வயதில் ஒப்பனையா?" என்றோம். அவர் மறுமொழி கூறவில்லை. அந்த மௌனத்தை இணக்கம் என்று கொண்டது நம் பேதைமை.

பின்னர் ஒருநாள் மூக்குக்கண்ணாடி மாற்றச் சென்ற இடத்தில், கண் மருத்துவர் அவருடைய பார்வைப் பரப்பை அளந்தார். நடுப்புள்ளியை நோக்கியபடியே, சுற்றிலும் தோன்றும் ஒளிப்பொட்டுகளைக் காணும்தோறும் பொத்தானை அழுத்தவேண்டும். மேற்புறப் பொட்டுகள் பலவற்றை அவர் காணவேயில்லை. மருத்துவர், தொங்கிய இமைத்தோலை ஒட்டுநாடாவால் தூக்கி ஒட்டி, மீண்டும் அளந்தார். விட்டுப்போன பொட்டுகள் கண்ணுக்குப் பட்டன. நாடாவைப் பிரிக்குமுன் துணைவியார் கூரையை நோக்கி, "மேலே இவ்வளவு இருந்ததா?" என்றார். நாம் தலை கவிழ்ந்தோம்.

இமையைத் தூக்கும் தசை தளர்வது வேறு, இமையின் தோல் தளர்ந்து மடிவது வேறு என்று மருத்துவர் விளக்கினார். இவருக்கு வந்தது இரண்டாவது. மடிந்த தோலை விலக்குவதற்காக, விழித்திருக்கும் பொழுதெல்லாம் நெற்றித் தசையால் புருவத்தை உயர்த்தியே வந்திருக்கிறார். மாலை வலியின் காரணம் அதுவே. மிடுக்கென்று நாம் நகைத்தது, பார்வையைத் தேடிக் கழுத்து பட்ட பாடு.

இச்சிகிச்சைக்குப் பெரிதும் பயன்படுவது கரியமில வாயு லேசர். முதல் லேசரை 1960இல் இயக்கிக் காட்டியவர் அமெரிக்கரான மெய்மன். கரியமில வாயு லேசரை 1964இல் படைத்தவரோ, 1938இல் இம்மராட்டிய மண்ணின் பாராமதியில் பிறந்து, புனேயில் பொறியியல் பயின்று, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சி. குமார் படேல். பிழைப்பை நாடி இம்மண்ணுக்கு வந்த நமக்கு, இங்கிருந்து கடல்கடந்து சென்ற ஒருவரின் கண்டுபிடிப்பு கைகொடுத்தது.

10.6 மைக்ரோமீட்டர் அலைநீளமுடைய அவ்வொளி கண்ணுக்குத் தெரியாதது. ஆதலால் அது விழும் இடத்தைக் காட்ட வேறொரு செவ்வொளி துணைசெல்கிறது. தசையிலும் தோலிலும் உள்ள நீர் அதனை உறிஞ்சிக் கணத்தில் ஆவியாகிறது. வெட்டும்போதே நுண்ணிய குருதிக் குழாய்கள் அடைபடுவதால் குருதிப் பெருக்கு குறைவு. "ஆயினும் கத்தியாலும் இதனை நன்றாகவே செய்யலாம். கருவியை விடக் கையே முக்கியம்" என்று மருத்துவர் ஒளிக்காமல் உரைத்தார்.

இமைப்பகுதி மரக்க ஊசியிட்டு, கருவிழியை ஒளி தாக்காதபடி உலோகக் கவசம் பொருத்தி, மேலிமை மடிப்பில் கீறி, மிகைத் தோலை அகற்றித் தைத்தார்கள். ஒரு வாரத்தில் தையல் பிரித்தார்கள். வீக்கம் வடியும் வரை பனிக்கட்டி ஒற்றடம் கொடுத்தோம். மாலை நெற்றிவலி திரும்பவில்லை.

கீழிமைச் சுருக்கத்தையும் சீர்செய்ய வேண்டும் என்றார் துணைவியார். இங்கே மருத்துவர் எச்சரித்தார். இமைத்தோல் உடலிலேயே மிக மெல்லியது. வெப்பம் மிகுந்தால் கீழிமை வெளிப்புறம் பிறழ்ந்து கண்ணீர் வடியும். அன்றியும், நம்மைப் போன்ற மாநிறத்தவர்க்கு லேசர் பட்ட இடம் மாதக்கணக்கில் கறுத்துவிடக்கூடும். ஆகவே இடையிடையே தோலைத் தொடாமல் விட்டு, ஊசிமுனைப் புள்ளிகளாக ஒளியைப் பாய்ச்சும் முறையைக் குறைந்த ஆற்றலில் கையாண்டார். சில மாதங்கள் கறுத்திருந்து பின் தெளிந்தது. சுருக்கம் குறைந்ததேயன்றி மறையவில்லை.

அந்நாளில் பாளையங்கோட்டையிலிருந்து தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "மதினிக்குக் கண்ணில் என்ன அண்ணா?" என்றாள். "கண்புரை அறுவை" என்று வாய் கூசாமல் சொன்னோம். ஊரார் நகைப்பர் என்ற அச்சம்! துணைவியார் கருவியை நம் கையிலிருந்து வாங்கி, "புரையெல்லாம் ஒன்றுமில்லை. மேலிமை பார்வைக்கு, கீழிமை அழகுக்கு. இரண்டுமே எனக்கு வேண்டியிருந்தன" என்றார். மறுமுனையில் சற்றே அமைதி. பிறகு, "அதற்கு எவ்வளவு ஆயிற்று மதினி?" என்று மெல்லிய குரலில் கேட்டாள் தங்கை.

பார்வைக்கு என்று அறிந்ததும் உடன்பட்ட நாம், அழகுக்கு என்றதும் பொய் சொன்னோம். நாற்பதாண்டுகள் தம் முகத்தை ஏறிட்டுப் பார்க்க நேரமின்றி நம் குடும்பத்தை நடத்தியவர், அம்முகத்துக்காக ஒன்று விரும்பியதில் பிழை என்ன? உங்கள் இல்லத்திலும் ஒருவர் முகவாயை உயர்த்திப் பார்க்கலாம். நகைப்பதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். அழகை விரும்பினும் கேளுங்கள்.

சென்ற திங்கள் தாதர் நிலையத்தில் நாம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தோம். துணைவியார் தலை சாய்க்காமலே பலகையைப் படித்துவிட்டு, "நம் வண்டி வருகிறது, வாருங்கள்" என்று முன்னே நடந்தார். நாம் பின்தொடர்ந்தோம்.