டப்பாவைக் கையோடு எடுத்து வாங்க

திண்டிவனம் அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் நின்றிருந்தேன். 108 ஆம்புலன்ஸில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தர்பூசணிக் கொல்லைக்கு மருந்து அடித்தவர். சட்டையெல்லாம் மருந்து ஊறி, வாயில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. செவிலியர் முதல் வேலையாகச் சட்டையைக் கத்தரித்து எடுத்துவிட்டு, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவினார். அதுவரை தோல் வழியாக விஷம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்பாவை குண்டூசி முனையளவுக்குச் சுருங்கியிருந்தது. உடனே மாற்றுமருந்தான அட்ரோபின் ஊசி.

“என்ன மருந்தும்மா அடிச்சாரு?”

“பேரு தெரியலீங்க டாக்டர். கடைக்காரரு குடுத்தாரு.”

அதற்குள் மகன் பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினான். அந்தப் பிள்ளையை மனதார வாழ்த்தினேன். லேபிளில் சாய்சதுரக் கட்டம் ஒன்று இருக்கும். சிவப்பு என்றால் கொடிய நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும். உள்ளே மடித்து வைத்த தாளில் மாற்றுமருந்தும் அச்சாகியிருக்கும். மருத்துவர் அதைப் படித்து உறுதிசெய்துகொண்டார். பிறகு நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து, நீர்ச்சத்தம் அடங்குகிறதா என்று கேட்டுக் கேட்டு அட்ரோபினைக் கூட்டினார்.

“உப்புத்தண்ணி, சாணித்தண்ணி ஊத்தி வாந்தியெடுக்க வச்சுக் கூட்டியாராங்க சார். அது நுரையீரல்ல போயி இன்னும் மோசமாவுது” என்றார் செவிலியர், வருத்தத்தோடு.

என்ன விஷம், என்ன செய்வது என்று குழப்பம் வந்தால் கேட்க இடம் இருக்கிறது. டெல்லி எய்ம்ஸில் 1995 முதல் தேசிய நஞ்சுத் தகவல் மையம் இயங்குகிறது. கட்டணமில்லா எண் 1800 116 117, இரவிலும் எடுப்பார்கள். மருத்துவர்கள் மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்களும் பேசலாம். என்ன, எவ்வளவு, எப்போது, வயது என்ன என்று விசாரித்து வழி சொல்வார்கள்.

அங்கிருந்து விக்கிரவாண்டி தாண்டி முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்களை இங்கும் கொண்டுவந்தார்கள். பத்துப் பேருக்கு மேல் பிழைக்கவில்லை. மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறித்தான் கண்ணைப் பறிக்கிறது, உயிரையும் பறிக்கிறது. மாறவிடாமல் தடுக்க ஃபோமெபிசோல் என்ற மருந்து இருக்கிறது. மாறிவிட்டதை வெளியேற்ற டயாலிசிஸ் இருக்கிறது. ஆனால் முதல் சில மணி நேரம் வெறும் போதையாகத்தான் தெரியும். அதனால் வீட்டிலேயே படுத்துவிடுகிறார்கள்.

திரும்பும் வழியில் பூச்சிமருந்துக் கடைகளில் ஏறி இறங்கிப் பார்த்தேன். சுவரெங்கும் கம்பெனி விளம்பரம். நஞ்சுத் தகவல் மையத்தின் எண்ணை எங்கும் காணோம். கடைக்கு உரிமம் கொடுக்கும்போதே வேளாண்மைத் துறை அதைக் கல்லாப்பெட்டிக்கு மேலே எழுதி ஒட்டச் சொல்லலாம். பில்லிலும் அச்சடிக்கச் சொல்லலாம்.