வில்கமுவவின் வேலி

கனடாவில் வாழும் நண்பர் ஒருவர், தமது கோயிலுக்குக் கண்காணிப்புக் கமராக்கள் பொருத்துவதற்கு அரசாங்க மானியம் கேட்டு விண்ணப்பிக்கவிருப்பதாக எழுதியிருந்தார். "கோயிலுக்குக் காவல் போட அரசாங்கம் காசு தருகிறது. நம் நாட்டில் இப்படி எதையாவது கேள்விப்பட்டதுண்டா?" என்று கேட்டிருந்தார். அவருக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டது. அதனால் உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

மேல்நாடுகளில் இது இப்போது வழமையான ஏற்பாடு. தாக்குதல் அபாயத்திலுள்ள இலாப நோக்கமற்ற அமைப்புகளுக்காக அமெரிக்கா 2005ஆம் நிதியாண்டில் 25 மில்லியன் டொலருடன் ஒரு மானியத் திட்டத்தைத் தொடங்கியது. 2023இல் அந்தத் தொகை 305 மில்லியனாக வளர்ந்திருந்தது. விஸ்கொன்சின் மாநிலத்தின் ஓக் கிரீக் குருத்துவாராவில் 2012 ஆகஸ்ட் 5ஆம் திகதி நடந்த துப்பாக்கிச் சூடு போன்ற துயரங்கள் இந்தத் தேவையை உணர்த்தின. கனடா 2007இல் தனது திட்டத்தை ஆரம்பித்தது. செலவில் பாதியை அரசு ஏற்றுக்கொண்டது. 2024இல் திட்டம் புதிய பெயரில் விரிவாக்கப்பட்டபோது அரசின் பங்கும் கூடியது. தன் கட்டடத்தின் பலவீனம் எங்கே என்பதை விண்ணப்பிக்கும் அமைப்பே மதிப்பிட்டு எழுத வேண்டும். அமெரிக்காவில் முதலில் கைக்காசைச் செலவழித்துவிட்டே திரும்பப் பெற வேண்டும். சிறிய சபைகளுக்கு அது பெரும் சுமை.

நம் நாட்டைப் பற்றிய கேள்விக்கு விடை தேடும்போது என் நினைவுக்கு வருவது மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவ. வஸ்கமுவ தேசியப் பூங்காவை ஒட்டிய விவசாயப் பிரதேசம் அது. அங்குள்ளவர்களின் அச்சம் யானை. செய்தி சேகரிக்கப் போன நாட்களில் அங்கே நான் கேட்டதெல்லாம் மின்வேலியைப் பற்றிய பேச்சுத்தான். சூரிய சக்தியில் இயங்கும் அந்த வேலி பார்ப்பதற்கு எளிமையானது. ஆனால் ஒரு கொடி படர்ந்து கம்பியைத் தொட்டால் மின்சாரம் ஒழுகிவிடும். தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பதை யானை அறியும். மரத்தைச் சாய்த்துக் கம்பியை அறுக்கவும் அறியும். நாள்தோறும் நடந்து பார்த்துப் பற்றையை வெட்ட ஆளில்லாவிட்டால், எவ்வளவு பணம் கொட்டிக் கட்டிய வேலியும் வெறும் கம்பிதான்.

யானை-மனித மோதலைத் தணிக்க 2020இல் கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு வகுத்த தேசிய செயற்றிட்டம் இதையே வலியுறுத்தியது. இருபுறமும் யானைகள் உலவும் காட்டுக்குள் நிர்வாக எல்லையைப் பார்த்துப் போடும் வேலி பயன் தராது. ஊரையும் வயலையும் சுற்றிப் போட்டு, ஊராரே பராமரிக்க வேண்டும். அரசு துணைநிற்க, பாதுகாக்கப்படுபவரே காவலிலும் பங்கேற்கும் ஏற்பாடு இது. நண்பர் கேட்ட கோயில் மானியத்துக்கும் இதுவே அடிப்படை.

மனிதரிடமிருந்து மனிதரைக் காக்க இலங்கை அரசு செலவழிக்கவில்லையா? செலவழித்தது. எண்பதுகளில் எல்லைக் கிராமங்களுக்கென ஊர்காவற் படை உருவாக்கப்பட்டது. 2006இல் அது சிவில் பாதுகாப்புத் திணைக்களமாயிற்று. பின்னாளில் அதன் ஆட்கள் யானை வேலிகளைப் பராமரிக்கவும் அமர்த்தப்பட்டனர். ஆனால் போர்க்காலத்தில் அந்தத் துப்பாக்கிகள் பெரும்பாலும் சிங்கள, முஸ்லிம் கிராமங்களுக்கே கிடைத்தன. ஓர் ஊரின் காவல் அயலூர்த் தமிழருக்கு அச்சமானது. பாதுகாப்பு எல்லோருக்கும் பொது விதியாக இல்லாமல் சிலருக்குரிய சலுகையானால் விளைவது இதுதான்.

வில்கமுவ இருக்கும் அதே மாவட்டத்தில், மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் 1983 கலவரத்தில் சேதப்படுத்தப்பட்டது. தம்புள்ளையில் 2012 ஏப்ரல் 20ஆம் திகதி, பிக்குகள் முன்னின்று நடத்திய கூட்டம் பள்ளிவாசலுக்குள் புகுந்தது. அந்தக் காட்சியைக் கமராக்கள் பதிவு செய்தன. தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அடுத்த சில நாட்களுக்குள் அரசின் தரப்பிலிருந்து வந்த அறிவிப்பு, பள்ளிவாசலை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்பதே. நம் நாட்டில் கமரா குறைவென்று சொல்வோருக்கு நான் தம்புள்ளையைத்தான் சுட்டிக்காட்டுவேன். பார்க்க வேண்டியவர்கள் பார்த்தும் அசையாதபோது கண்ணாடிக் கண் என்ன செய்யும்?

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்கள் இலக்காகலாம் என்ற எச்சரிக்கை அந்த மாதத் தொடக்கத்திலேயே வந்திருந்தது. அது கோப்புகளில் சுற்றியது. தேவாலயங்களின் வாசலை எட்டவில்லை. மூன்று தேவாலயங்களிலும் மூன்று ஹோட்டல்களிலும் 260க்கும் அதிகமானோர் மாண்டனர். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டுதாரியை வாசலில் மறித்தவர் அரச காவலர் அல்லர். வழிபட வந்த ஒரு மனிதர். உள்ளே இருந்த பலரைக் காப்பாற்றி, தம் உயிரை அவர் கொடுத்தார்.

2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 100 மில்லியன் ரூபா செலுத்தப் பணித்தது. ஏனைய அதிகாரிகள் செலுத்த வேண்டியவற்றையும் அரசின் பங்கையும் சேர்த்தால் 311 மில்லியன். மற்ற நாடுகளில் அபாயத்தை முன்னுணர்ந்து வழிபாட்டிடத்துக்குப் பணம் போகிறது. நம் நாட்டில் பிணங்களை அடக்கம் செய்த பிறகு, அதுவும் நீதிமன்றம் சொல்லி, நட்டஈடாக வருகிறது.

ஆகவே நண்பரின் கேள்விக்கு என் பதில்: இலங்கைக்கும் அத்தகைய நிதி வேண்டும். விகாரை, கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதுவாயினும் ஒரே விண்ணப்பம், ஒரே அளவுகோல். பண்டிகைக்குப் பண்டிகை படையினரை நிறுத்திவிட்டு மறுநாள் அழைத்துச் செல்வதைவிட அது மேலானது. ஆனால் பணத்தோடு இரண்டு உறுதிமொழிகளும் சேர்ந்து வர வேண்டும்: எச்சரிக்கை கிடைத்தால் அது வாசலுக்கு வரும், தாக்கியவன் யாராயினும் சட்டத்தின்முன் நிறுத்தப்படுவான். இவ்விரண்டும் இல்லாமல் வாங்கிப் பொருத்தும் கமரா, பற்றை மூடிய மின்வேலிக்குச் சமம். கம்பி இருக்கும், காவல் இருக்காது.