பாறைக்கு ஒரு குட்டி!

கருங்கல் ஒரு கன அடி சுமார் 75 கிலோ. நாலு கன அடிப் பாறையை மொட்டை மாடிக்கு ஏற்றினால் ஹவுஸ் ஓனரின் பி.பி.யும் கூடவே ஏறும்! ஊரை விட்டு எங்களோடு வந்த அப்பாவுக்கோ, செடிகள் நடுவே சாய்ந்து உட்கார ஒரு பாறை வேண்டும். மாசக் கடைசி வேறே.

வழி இருக்கு சார். டி.வி.யோடு வந்த தெர்மாகோலை அடுக்கிக் கட்டி, கோழிவலை சுற்றி, ஒரு பங்கு சிமெண்ட், மூணு பங்கு மணல் கலந்து ஒன்றரை அங்குலம் பூசினேன். காய்வதற்குள் கசக்கிய பாலிதீன் பையால் ஒற்றினால் அசல் சொரசொரப்பு. அப்புறம் ஏழு நாள் ஈரச் சாக்கு.

தண்ணீர் ஊற்றும் டூட்டியை அப்பாவே எடுத்துக்கொண்டார். பட்டணம் வந்ததிலிருந்து வாயே திறக்காத மனுஷர், எட்டாம் நாள் கேட்டார்: “இது மட்டும் தனியா இருக்குமாடா? பக்கத்துல குட்டி ஒண்ணு போடேன்.”

பக்கத்து வீட்டில் யாராவது ஃபிரிட்ஜ் வாங்குகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.